பெயர் தெரியாத பொருளை லேசருக்கு அடியில் வைக்காதீர்கள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, பெயர் பொறிக்கிற லேசர் மெஷின் வாங்கப் போறேன், எத்தனை வாட் வாங்கலாம்?" வாட் கதையை அப்புறம் பேசலாம், எதைப் பொறிக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றுதான் மூவருக்கும் பதில் போட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

நான் மெஷின் வாங்கிய புதிதில் தெரிந்த அக்கா ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு டோர் கிஃப்டாகக் கொடுக்க 150 கீசெயின் கொண்டுவந்தார். ஆன்லைனில் வாங்கியது. பாக்கெட்டில் 'லெதர்' என்று போட்டிருந்தது. மணமக்கள் பெயரைப் பொறிக்க வேண்டும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில் துணி காயப்போடும் யார்டில் வைத்து ஆரம்பித்தேன். எழுத்து அழகாகத்தான் விழுந்தது. பத்துப் பதினைந்து முடிவதற்குள் தொண்டை கரகரத்து, கண்ணில் நீர் வழிந்தது. உண்மையான தோல் கருகினால் முடி பொசுங்கும் வாசனை வரும். இது வேறு. மூக்குக்குள் ஊசி போல ஏறும் காரம். நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மெஷினின் திருகுகள், இரும்புத் தண்டு எல்லாவற்றிலும் செம்மண் நிறத்தில் துரு.

அது பிவிசி. குழாயிலும் செருப்பிலும் இருக்கும் அதே பிளாஸ்டிக்தான், மேலே தோல் மாதிரி வரி அச்சடித்திருக்கிறார்கள். பிவிசியில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரும். ஈரத்தில் சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பினாங்குக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மெஷினுக்குத் துரு பிடித்ததைச் சுத்தம் செய்துகொள்ளலாம், நுரையீரலை என்ன செய்வது? பக்கத்து அறையில் என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். யார் என்ன பிளாஸ்டிக் கொண்டுவந்தாலும் முதலில் செம்புக் கம்பிச் சோதனை. பழைய ஒயரை உரித்து எடுத்த செம்புக் கம்பியைக் குறடால் பிடித்துக்கொண்டு தீயில் காட்டுவேன். தீயின் நிறம் மாறாத அளவுக்குக் கம்பி சுத்தமானதும், அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக்கின் ஓரத்தில் ஒரு தொடு. கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மறுபடி தீயில் காட்டினால், குளோரின் இருக்கும் பட்சத்தில் தீ பளிச்சென்று பச்சையாகும். வேதியியலில் இதைப் பெய்ல்ஸ்டைன் சோதனை என்பார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, மிகச் சின்னத் துண்டில் செய்யுங்கள். பச்சை தெரிந்தால் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரியாவிட்டாலும் அது எந்த பிளாஸ்டிக் என்று தெரிகிறவரை தொடாதீர்கள். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது, ஆனால் எரிந்தால் அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரும். பாலிகார்பனேட் மஞ்சளாகிக் கருகித் தீப்பிடிக்கும். ஸ்டிக்கர் ஒட்டும் வினைல் என்பதும் பெரும்பாலும் பிவிசிதான்.

சரி, வாட்டுக்கு வருகிறேன். விளம்பரத்தில் '40 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பல நேரம் அது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு, வெளியே வரும் ஒளி 5 வாட் சொச்சம்தான் இருக்கும். ஒளியின் அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் பழக 10 வாட் டயோடு லேசர் தாராளம். என்னுடையது அதுதான். 3 மில்லிமீட்டர் பாஸ்வுட் (மென்மையான மரம்) பிளைவுட்டை, காற்று ஊதும் பம்பு ஓடினால், ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடும்.

டயோடு லேசரின் ஒளி நீலம், 450 நானோமீட்டர் பக்கம். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் அது ஜன்னல் வழியே வெயில் போவது மாதிரி ஊடுருவிப் போய்விடும், ஒரு கோடுகூட விழாது. கறுப்பு அக்ரிலிக் என்றால் வெட்டலாம். தெளிந்த அக்ரிலிக்தான் வேண்டும் என்றால் கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் போக வேண்டும், விலையும் இடமும் வேறு கணக்கு. அப்புறம் எல்லா அத்தைமார்களும் கேட்பது எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர். பளபளக்கும் உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும். இந்த லேசர்கள் ஆபத்து வரிசையில் உச்சமான நான்காம் வகுப்பு (Class 4), சிதறி வரும் ஒளிகூடக் கண்ணைக் கெடுத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். கூலிங் கிளாஸ் உதவாது, 450 நானோமீட்டருக்கென்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். மூடியுள்ள பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. மெஷின் ஓடும்போது எழுந்து டீ போடப் போகாதீர்கள். மரத்தில் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும்.

புகை விஷயத்தில் ஃபிளாட்டில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது. விசிறி வைத்துக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும், மேல்மாடிக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மலிவு என்று அதிலேயே பழகாதீர்கள். அதைக் கட்டியிருக்கும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, நாற்றம் இரண்டு நாள் போகாது.

தமிழில் பொறிப்பவர்களுக்கு ஒன்று. 'முருகன் துணை' என்று நேராக லேசர் மென்பொருளில் தட்டினால் சிலவற்றில் எழுத்து உடைந்துபோகும். 'ணை'யின் கொம்பு இடப்பக்கம் நிற்காமல் வலப்பக்கம் தள்ளிப்போய் நிற்கும், 'ன்' மேலிருக்கும் புள்ளி தனியாக விலகும். திரையில் சின்னதாகத் தெரியும்போது கவனிக்கமாட்டோம், மரத்தில் எரிந்தபிறகு அழிக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் தட்டுங்கள், அதில் தமிழ் சரியாக வரும். எழுத்தைக் கோட்டுருவமாக (path) மாற்றி எஸ்விஜி கோப்பாகச் சேமித்து லேசருக்குக் கொண்டுபோங்கள். சாமி பெயரையும் அம்மா பெயரையும் பிழையாகப் பொறித்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

முதல் பொருளாக நான் யாருக்கும் கையில் கொடுப்பது ரப்பர் மரம்தான். நிறம் வெளிர் என்பதால் பழுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும். மெராந்தி பெரும்பாலும் சிவந்த மரம், அதில் எழுத்து அவ்வளவாக எழும்பாது. ரப்பர் மரத் துண்டுகள் மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில் கேட்டால் சொற்ப விலைக்கு, சில நேரம் சும்மாவே, கிடைக்கும். வாங்கியதும் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றி எரித்துப் பாருங்கள். மரத்துக்கு மரம் மாறும், இணையத்தில் எடுத்த எண்ணை அப்படியே போடாதீர்கள். பிளைவுட் வாங்கினால் மேலே கனமான எதையாவது வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். நம் ஊர் ஈரத்தில் அது அப்பளம் போல வளைந்துவிடும், இரண்டு மில்லிமீட்டர் மேலே வந்தாலே குவியம் போய் எழுத்து மங்கும்.

ரப்பர் மரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எங்கள் பாட்டி கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். பால் வற்றிப்போன மரத்தை, நட்டு 25, 30 வருடத்தில், வெட்டிச் சாய்த்துத்தான் இந்தப் பலகை வருகிறது. பாட்டியின் பெயரை அதே மரத்தில் பொறித்து வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன். அதுதான் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை.

யார்டில் ஒரு பெட்டி நிறைய ரப்பர் மரத் துண்டுகள் கிடக்கின்றன. பினாங்கில் இருப்பவர்கள் மெஷினுக்குக் காசு கட்டும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். என் மெஷினிலேயே ஒரு துண்டை எரித்துப் பாருங்கள். சந்தேகமான பிளாஸ்டிக் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், செம்புக் கம்பி என்னிடம் இருக்கிறது.