அவர்களே வைத்த குக்கீ, அவர்களுக்கே பெரிசாம்!

குக்கீ பெரிசா இருக்காம். யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள், என்னிடம்! குக்கீ என்பது நாம் போகும் தளம் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. அதை வைத்தது நானா? காப்பீட்டுத் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம், கொட்டை எழுத்தில் "400 பேட் ரெக்வெஸ்ட்", அடுத்த வரியில் "ரெக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கீ டூ லார்ஜ்", கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் "என்ஜின்எக்ஸ்" என்று சர்வர் மென்பொருளின் பெயர். முடிந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது, திரும்பிப் போக ஒரு பட்டன் கிடையாது. இந்த 400 வரிசைப் பிழை எண்கள் எல்லாமே கேட்டவன் தலையில் பழி போடுகிறவை. 500 வரிசை வந்தால்தான் சர்வர் "தப்பு என்னுடையது" என்று ஒப்புக்கொள்கிறது. ஆக, கடைசி நாள் ராத்திரியில் காப்பீட்டு பிரீமியம் கட்ட வந்த நான்தான் குற்றவாளி.

சரி, என் குற்றம் என்னவென்று பார்க்கலாம் என்று எஃப்12 அழுத்தி, பிரவுசரின் உள்விவரங்களைக் காட்டும் பலகையை வரவழைத்து, அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், குக்கீஸ் என்ற இடத்தைத் திறந்தேன். திறந்தால் திருவிழாக் கூட்டம். பெயர், மதிப்பு, டொமைன், பாத், காலாவதி தேதி என்று வரிசை வரிசையாக ஓடுகிறது. நான் எந்த விளம்பரத்தைத் தட்டி வந்தேன் என்று ஒன்று. எத்தனையாவது முறை வருகிறேன் என்று ஒன்று. எப்போதோ ஒரு குடும்பத் திட்டத்துக்குத் தொகை எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிட்டு மூடினேனே, அந்தப் படிவம் மொத்தத்தையும் சுருட்டி, பர்சென்ட் குறிகளும் எண்களுமாக, திரைக்கு வெளியே ஓடும் நீளத்தில் ஒன்று. நான் லாகின் செய்திருக்கிறேனா என்று சொல்லும் குக்கீ மட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலாவதி இடத்தில் "செஷன்" என்று போட்டிருந்தது. அதாவது பிரவுசரை மூடினால் போயிற்று. மூடாவிட்டாலும், டீ போட்டுவிட்டு வருவதற்குள் சர்வரே மறந்துவிடும்.

வருகையாளர்களை எண்ணும் கூகுளின் அனலிடிக்ஸ் குக்கீ இருக்கிறதே, அதற்கு வழக்கமான ஆயுள் 2 வருடம். 2022-இல் குரோமே பார்த்து, "போதுமப்பா, எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் கூடாது" என்று வெட்ட வேண்டியிருந்தது. என்னை வேவு பார்க்கிறது ஒரு வருடத்துக்கு மேல் உட்காரும். என்னை உள்ளே விடுகிறது ஒரு டீக்குக்கூடத் தாங்காது. "ரிமெம்பர் மீ" என்று ஒரு கட்டம் வேறு. நானும் போகும்போதெல்லாம் பக்தியோடு டிக் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பெரிசாம் கதைக்கு வருவோம். ஒரு குக்கீக்கு பிரவுசர்கள் தரும் இடம் சுமார் 4,096 பைட். அந்த என்ஜின்எக்ஸ் சர்வரோ, யாரும் அமைப்பை மாற்றாவிட்டால், பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில், அதாவது ஹெடரில், ஒரு வரிக்கு 8 கேபி வரைதான், அதாவது அதைப்போல இரண்டு மடங்குதான், வாங்கும். குக்கீ எல்லாம் ஒரே வரியாகத்தான் போகும். ஆக, கொழுத்த குக்கீ இரண்டு, கூடச் சில்லறை ஒன்றிரண்டு என்றாலே கதவு சாத்திக்கொள்ளும். விளம்பரப் பிரிவுக்காரர்கள் தங்கள் பக்கத்தில் வைக்கும் குக்கீயை அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன? வைக்கமாட்டார்கள். டொமைன் என்ற இடத்தில் மொத்தத் தளத்தின் பெயரையும் போட்டுவிடுவார்கள். அப்புறம் கட்டணப் பக்கத்துக்குப் போனாலும், ஒரு சின்னப் படத்தைக் கேட்டாலும், அத்தனை மூட்டையையும் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் விசுவாசமாகத் தூக்கிக்கொண்டு ஓடும். கல்யாண வீட்டில் ஆளாளுக்குத் தாம்பூலப் பையைக் கையில் திணித்துவிட்டு, வாசலில் ஒருத்தரை நிறுத்தி "எதுக்குய்யா இத்தனை பை?" என்று சட்டையைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

இந்தச் சுமை மாற்றும் புத்தி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் குக்கீயைக் கொண்டுவந்தார். எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்காக ஆன்லைன் வியாபாரத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் பாதியில் விட்ட கணக்கையெல்லாம் தங்கள் சர்வரில் சுமக்க அவர்களுக்கு விருப்பமில்லை. அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும் என்று பிறந்ததுதான் குக்கீ. மான்டுல்லியைக் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அடுத்த பக்கம் போவதற்குள் நாம் யாரென்றே தளத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் துண்டுச் சீட்டு வைக்க இடம் கொடுத்தார், இவர்கள் அங்கே பீரோவை இறக்கிவிட்டார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பாட்டு, விளம்பரம், மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தார்.

"சார், பிரவுசர்ல கேச்சி, குக்கீஸ் எல்லாம் கிளியர் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க சார்."

"எல்லாத்தையும் ஏன் மேடம் அழிக்கணும்? அட்ரஸ் பாருக்கு இடது பக்கம் இருக்கிற ஐகானைத் தட்டினா உங்க தளத்தோடதை மட்டும் அழிக்கலாமே?"

"ஆல் டைம் செலக்ட் பண்ணுங்க சார்."

"மேடம், மத்த தளத்தோட குக்கீ உங்க சர்வருக்கு வரவே வராது. அதை அழிச்சு உங்களுக்கு என்ன லாபம்?"

"ஆல் டைம் சார். அப்புறம் கிளியர் டேட்டா குடுங்க."

சுவரில் ஒட்டிய தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும்போல. நான் பிடிவாதமாக அவர்கள் தளத்துடையதை மட்டும் அழித்தேன். உள்ளே போனால் இப்போது வேறு பக்கம்: "டூ மெனி ரீடைரக்ட்ஸ்". லாகினை வேறொரு டொமைனில், அதாவது வேறு தள முகவரியில், வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். அந்த டொமைன் "இவர் ஏற்கெனவே லாகின் பண்ணியாச்சு" என்று இங்கே தள்ளுகிறது. இந்த டொமைன் "யார் இவர்?" என்று அங்கே தள்ளுகிறது. என்னைப் பந்தாக வைத்து இரண்டும் விளையாடிக் களைத்த பிறகு, "குக்கீகளை அழித்துப் பாருங்கள்" என்று குரோமும் அந்த மேடம் கட்சியில் சேர்ந்துகொண்டது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஆல் டைம். கிளியர் டேட்டா. ஒழியட்டும்.

ஒழிந்தது எது தெரியுமா? மின்னஞ்சல், வங்கி, பையனின் பள்ளித் தளம், ரயில் டிக்கெட், எல்லாம். ஒவ்வொன்றிலும் மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓடிபி, "புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள், நீங்கள்தானா?" என்று ஒரு எச்சரிக்கை. நான்தான்ப்பா. அதே நாற்காலி, அதே லேப்டாப்.

இதுகூடப் பரவாயில்லை. "விளம்பரக் குக்கீ வேண்டாம்" என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, அந்த மறுப்பையும் குக்கீயில்தான் எழுதி வைத்திருந்தார்கள். அதுவும் காலி. ஒவ்வொரு தளமும் முதலிலிருந்து கேட்கிறது. "எல்லாம் ஏற்கிறேன்" பளிச்சென்று பச்சையில். மறுப்பதற்கு "விருப்பங்களை நிர்வகி", அதற்குள் ஒரு பட்டியல், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டன். இப்படி ஏற்பதை ஒரு கிளிக்கிலும் மறுப்பதைப் பல கிளிக்கிலும் வைத்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. படித்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நமக்கு அதெல்லாம் செய்தி மட்டும்தான்.

சரி, பிரீமியம். உள்ளே விட்டார்கள். வங்கிப் பக்கத்துக்குப் போனேன். ஓடிபி தன் இஷ்டத்துக்கு ஆடி அசைந்து வந்தது. போட்டேன், பணம் போய்விட்டது. காப்பீட்டுத் தளத்துக்குத் திரும்பினால் "யுவர் செஷன் ஹாஸ் எக்ஸ்பையர்ட்". இதற்கும் காரணம் இருக்கிறது. வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்புவது போல) திரும்பி வரும்போது, சேம்சைட் என்ற இடத்தில் "வேறு தளத்திலிருந்து வந்தாலும் அனுப்பலாம்" என்று தெளிவாகக் குறித்து வைக்காத குக்கீயை அனுப்பமாட்டேன் என்று 2020 பிப்ரவரியிலிருந்தே குரோம் சொல்லிவிட்டது. நல்ல பாதுகாப்புதான். தளங்கள் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று, வைத்து 2 நிமிடம் ஆகாத குக்கீக்கு மட்டும் சலுகையும் கொடுத்தது. ஓடிபி சுணங்கினால் அந்தச் சலுகையும் போச்சு. வேவு பார்க்கும் குக்கீயை எல்லாம் கணக்காக வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பணம் வாங்கும் குக்கீயில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நான் பணம் கட்டியது எனக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும். வாங்கியவனுக்குத் தெரியாது.

காலையில் ஒருவழியாக ரசீது மின்னஞ்சலில் வந்தது. பிடிஎஃப். பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு "உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பெரிய எழுத்தில், அதன்பின் பிறந்த வருடம்". ஐயா, எனக்கு இனிஷியல் இருக்கிறது! இனிஷியல் முதல் எழுத்தா இல்லையா? புள்ளி ஒரு எழுத்தா? படிவத்தில் "லாஸ்ட் நேம்" கட்டாயம் என்று கழுத்தைப் பிடித்ததால் அப்பா பெயரை அங்கே போட்டேனே, அது முன்னால் வருமா, பின்னால் வருமா? தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இனிஷியல் முன்னால்தான் இருக்கிறது என்று இந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்கு யாராவது சொல்லக் கூடாதா? புள்ளியோடு போட்டாயிற்று, புள்ளி இல்லாமல் போட்டாயிற்று. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. இனி இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு இடம் விட்டுப் பார்க்கப் போகிறேன்.