அந்த ரீலில் கத்துகிறாரே, அவரைப் பற்றி

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி என் சொந்தச் சித்தி மகனே அந்த ரீலை எனக்கு அனுப்பி, கீழே நாலு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். அதற்குமேல் முடியவில்லை.

எந்த ரீல் என்று யாரும் கேட்க மாட்டீர்கள். வெள்ளை கவுன், ஊதாப் புகை, பாசி படிந்த மரங்கள், மேலே ‘ஃபேரிடேல் ஃபாரஸ்ட், கொடை’ என்று எழுத்து. எங்கள் கொடைக்கானல்தான். நடுவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மரங்களுக்குள்ளிருந்து வந்து “வெளிய வாங்க, முதல்ல வெளிய வாங்க” என்று கத்துகிறார். அந்த இடத்தில் பேய்ப்பட இசை. அவர் முகத்தை அப்படியே நிறுத்திப் பெரிதாக்கி, தலையில் கூம்புத் தொப்பி வரைந்திருக்கிறார்கள். “சூனியக்காரக் கிழவன் வந்துட்டான்” என்று ஒரு கமெண்ட். அதற்கு ஆயிரக்கணக்கில் லைக்.

சரி. அந்தச் சூனியக்காரக் கிழவனுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடும்பம். பனியிலும் வெயிலிலும் நடந்து நடந்து முகம் அப்படி ஆகிவிட்டது. காட்டுக்குள் ஆள் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அன்றைக்கும் அந்த வேலையைத்தான் செய்தார்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கதையில் வருகிற காடு வேண்டும் என்று மலையேறி வருகிறவர்கள், கதையின் விதியை மட்டும் ஏன் அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறீர்கள்? நம் ஊர்க் கதையோ வெள்ளைக்காரர் கதையோ, விதி இல்லாத மாயக்காடு எதிலாவது உண்டா? பாதையை விட்டு விலகாதே, அந்தப் பழத்தைத் தொடாதே, என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காதே. வாசலில் யாராவது ஒருவர் நின்று இதைச் சொல்வார். கேட்காதவன் கல்லாகிப் போவான். நீங்கள் அந்த வாசலில் நின்றவருக்கே தொப்பி மாட்டிவிட்டீர்கள்.

எங்களிடமும் கதை இருக்கிறது. சோலை என்றால் எங்கள் மலையில் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கிற ஈரக் காடு. பேரிஜம் ஏரிப் பக்கத்தில் ஒரு சோலைக்கு மதிகெட்டான் சோலை என்று பெயர். உள்ளே போனவன் புத்தி பேதலித்து, போன தடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போர்டு இல்லை, கம்பி வேலி இல்லை, அபராத ரசீது இல்லை. ஒரு பெயரை வைத்தே ஆட்களை வெளியே நிறுத்திய புத்திசாலித்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் “வாவ், லொக்கேஷன் அனுப்புங்க அக்கா” என்கிறார்கள்.

ஒன்பது வயதில் நானும் மதிகெட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அப்போது சீகை (வாட்டில்) மரத்துப் பட்டை உரிக்கிற கூப்பில், அதாவது மரம் வெட்டுகிற காட்டில், வேலை. நான் அப்பத்தாவோடு விறகு பொறுக்கப் போவேன். “ஓரத்தோட நில்லு, உள்ள கால வைக்காத” என்று சொல்லிவிட்டு அது சுள்ளி பொறுக்கப் போனது. புல்மேட்டில் காட்டுப்பூவரசு மரம் ஒன்று சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே எப்போது சோலைக்குள் நுழைந்தேன் என்று தெரியாது. மஞ்சு இறங்கிவிட்டது. உள்ளே வெளிச்சமே பச்சையாக இருந்தது. மரம் ஒன்றும் வானத்தைத் தொடவில்லை. எல்லாம் காற்றுக்குக் குனிந்து தோளோடு தோள் உரசி நின்றன. கிளைகளில் தாடி தாடியாகப் பாசி. காலடி மண் மெத்தை மாதிரி அமுங்கியது. எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம், தண்ணீரைத்தான் காணோம். அப்புறம் யாரோ சிரித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து.

அது சிரிப்பான் என்கிற குருவி என்பதும், அதற்கு எங்கள் பழனி மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது முப்பது வயதுக்குமேல். அன்றைக்கு மோகினி என்றுதான் நினைத்தேன். அலறினேன். அப்பத்தா வந்து கையைப் பிடித்து இழுத்து, வெளியே கொண்டுவந்து முதுகில் ஒன்று வைத்தது. அதன்பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. சோலையைப் பார்த்துத் திரும்பி நின்று, “பிள்ள தெரியாம வந்துருச்சு, மனசுல வச்சுக்காத” என்று கும்பிட்டது.

அழகு எங்கள் கண்ணுக்குப் படவில்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

இனி, வரப்போகிற கமெண்டுகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். “ஒரு புகை டப்பாவில் காடு அழிஞ்சிடுமா?” அழியாது தம்பி. ஆனால் நீங்கள் எந்தப் பாசியைப் பார்த்து மயங்கினீர்களோ, அதற்கு உறிஞ்சுகிற வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் பனியிலும் வருவதை உடம்பாலேயே குடித்து வாழ்கிறது. உங்கள் ஊதாவையும் அது குடிக்கும். நீங்கள் கவுனை விரித்துப் போட்ட சருகுக்குள் கட்டைவிரல் நகம் அளவில் தவளைகள் உண்டு. அவற்றில் சில வகை குளம் குட்டையைத் தேடுவதே இல்லை. ஈரச் சருகில் முட்டையிடும், தலைப்பிரட்டையாக நீந்துகிற பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். தவளை இளவரசனாக மாறுவதுதானே உங்கள் கதை? அந்த இளவரசர்களில் எத்தனை பேர் உங்கள் ஹீல்ஸுக்கு அடியில் போனார்கள் என்று யார் கணக்கெடுத்தது? ஈரக் காட்டில் தீ பிடிக்காது என்று வேறு ஒருவர் விளக்கம் கொடுத்திருந்தார். சோலையை விட்டுப் பத்தடி வெளியே வந்து பாருங்கள் ஐயா, பனியில் கருகிய புல் சரசரவென்று கிடக்கிறது. காய்ந்த மாதங்களில் இந்த மலை எத்தனை முறை எரிந்தது என்று அந்த அண்ணனைக் கேளுங்கள். பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அணைக்க ஓடுகிறவர் அவர்தான்.

“அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.” இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், படித்தவர்கள், எனக்குத் தெரிந்தவர்கள்கூட. எனக்கு அதிகம் வலித்ததும் இதுதான். அந்த வீடியோவில் வெட்டி எறிந்த பகுதியில் அவர் இரண்டு முறை “சார், உள்ள போகாதீங்க சார்” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னார், நான் நம்புகிறேன். “பத்து நிமிஷம்தான் அண்ணா” என்று இருநூறு ரூபாயை நீட்டியிருக்கிறார்கள். வாங்கியிருந்தால் மரியாதையான மனிதர் ஆகியிருப்பார். காட்டெருமை நிற்கிற இடம் அது. ஒன்று மிரண்டு ஓடி வந்திருந்தால் அதே வாய்கள் “வனத்துறை என்ன செய்தது” என்று கேட்டிருக்கும். உங்கள் அபார்ட்மெண்டுக்குள் முன்பின் தெரியாத ஏழு பேர் புகுந்து புகை போட்டால் வாட்ச்மேன் திருக்குறள் சொல்லியா வெளியே அனுப்புவார்? போகட்டும். “வெளிய வாங்க” என்பதில் ‘ங்க’ இருக்கிறது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்ததில் அது இல்லை.

“டூரிஸ்ட் வரலேன்னா உங்களுக்குச் சோறு ஏது?” உண்மை. எனக்கு இரண்டு அறை ஹோம்ஸ்டே இருக்கிறது, மறைக்கவில்லை. வரவே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2024 மே மாதம் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தபோது எல்லோரையும்போல நானும் புலம்பினேன். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். 2011 கணக்குப்படி ஊர் ஜனமே 36,000 சொச்சம். ஒரே நாளில் ஆறாயிரம் வண்டி என்பதுதான் கட்டுப்படுத்திய எண்ணிக்கை என்றால், கட்டுப்படுத்தாதது எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் போர்டு காட்டுகிற இடத்தில் இறங்கி, படம் எடுத்து, சோளம் தின்று ஊர் போய்ச் சேர்கிறவர்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

கதைக் காடு மாதிரி படம்தான் வேண்டுமென்றால் பைன் காடு இருக்கிறதே. மொய்யர் பாயிண்ட், குணா குகை போகிற வழி. 1906இல் பிரையண்ட் என்ற வெள்ளைக்காரர் நட்டது. நேர் நேராக மரம், நடுவில் சாய்வாக வெயில், கீழே ஊசி இலை விரிப்பு, அடியில் செடிகொடி அதிகம் இல்லாததால் கவுனும் மாட்டாது. அந்த மாதிரிக் கதைகள் பிறந்தது ஜெர்மனிக் காடுகளில் என்கிறார்கள். நம் மலைகளில் நட்ட பைனில் ஒரு வகையோ மெக்சிகோவிலிருந்து வந்தது. அதனால் என்ன, ரீலில் தெரியவா போகிறது. தாராளமாகப் போங்கள். புகை டப்பாவை மட்டும் அங்கேயும் எடுக்காதீர்கள், அந்தச் சருகு பற்றினால் நிற்காது.

இப்போது ஒருவர் கட்டாயம் வருவார்: “சோலையையும் புல்வெளியையும் அழித்ததே நீங்கள்தானே, சீகை நட்டது யார், ரிசார்ட் கட்டியது யார்?” ரிசார்ட் பற்றி இன்னொரு நாள் பேசலாம். சீகை பற்றிச் சொல்கிறேன். வெள்ளைக்காரருக்கு இந்த மலை அவர் ஊர் மாதிரி தெரிய வேண்டியிருந்தது. அவருக்குப் புல்வெளி வெறும் தரிசு. அப்புறம் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பட்டை வேண்டியிருந்தது, சீகை வந்தது. விறகும் ஆலைகளுக்குக் கூழாக்க மரமும் வேண்டியிருந்தது, யூகலிப்டஸ் வந்தது. பட்டை உரித்து உரித்துக் கறுத்துப்போன கையோடு என் அப்பா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காருவார், சோப்புப் போட்டாலும் அந்தக் கறை போகாது. நட்டவர் அவர் இல்லை. வெட்டச் சொன்னவரும் அவர் இல்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் இந்த மலையைப் பார்த்து வேறொன்றாக நினைத்துக்கொள்கிறார். இங்கேயே கிடக்கிறவர்கள் அந்த நினைப்பில் கூலியாளாக வந்து போகிறோம். இந்த முறை சூனியக்காரன் வேடம். கூலியும் இல்லை.

சோலை என்றால் மலைக்காரர்களுக்கு என்ன என்று தெரிய, நீலகிரியில் கோத்தகிரி லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 116 ஹெக்டேர், அவ்வளவுதான். சுற்றியிருக்கிற கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்து போகிறது. ஊர்க்காரர்கள் பல வருடம் காவல் காத்தார்கள். 2024 ஜனவரியில் அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த செய்தி வந்தது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடம்பில் அரக்கனின் உயிர் இருக்கும் என்று கதை கேட்டிருப்பீர்கள். மலைக்காரர்களின் உயிர் இருக்கிற கிளி சோலைதான். அதன் கழுத்தைத் திருகிப் படம் எடுத்துவிட்டு, ஓடி வந்து தடுக்கிறவரை அரக்கன் என்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். என் ஹோம்ஸ்டே விளம்பரத்தில் போன வாரம்வரை ‘மாயக் காட்டின் மடியில் ஒரு இரவு’ என்றுதான் இருந்தது. அண்ணன் மகன் எழுதிக் கொடுத்தான், அழகாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அதைப் பார்த்து வந்தவர்களில் எத்தனை பேர் பின்பக்கம் இறங்கிச் சோலைக்குள் போனார்கள், எத்தனை முறை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அந்த அண்ணனுக்கும் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் டீ குடிக்க வந்தார். அவரிடம் பட்டன் போன்தான், ரீலை அவர் முழுதாகப் பார்க்கவே இல்லை. பத்தாவது படிக்கிற மகளை வகுப்பில் சூனியக்காரன் பொண்ணு என்று கூப்பிடுகிறார்களாம். அவள் இரண்டு நாளாகப் போகவில்லை. “அத அழிக்க முடியுமா பாப்பா?” என்று கேட்டார். எனக்கு நாற்பத்தேழு வயது, இன்னும் பாப்பாதான் அவருக்கு. ரிப்போர்ட் அடித்திருக்கிறேன், எடுத்துவிடுவார்கள் என்று பொய் சொன்னேன்.

விளம்பரத்தை மாற்றிவிட்டேன். ‘இரண்டு அறை. சுடுதண்ணீர் உண்டு. பின்னால் சோலை, உள்ளே போக அனுமதி இல்லை.’ இன்று காலையில் ஒருவர் போன் செய்து, “அப்போ அங்க வந்து என்னதான் மேடம் பார்க்கிறது?” என்றார். ஜன்னல் இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்.

பி.கு. கமெண்டில் அந்த ரீலின் லிங்க்கைப் போடாதீர்கள், திட்டுவதற்காகக்கூட வேண்டாம். எந்தச் சோலை என்று இன்பாக்ஸில் கேட்டிருக்கும் பதினோரு பேருக்கும்: சொல்ல மாட்டேன்.