நம்பரை விடுங்க அண்ணாச்சி, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க

லிமிடெட் எடிஷன் கார் ரேஸ் படப் புத்தகம் என்றாலே நம்மாட்கள் முதலில் கேட்பது, "என்ன நம்பர்?" 1500 பிரதியில் 12 என்றால் முகம் மலர்கிறது, 1143 என்றால் சுண்டிப்போகிறது. 1-ஆம் எண்ணுக்கும், அட்டையில் இருக்கிற காரின் எண்ணோடு ஒத்துப்போகிற பிரதிக்கும் கூடக் கொடுக்க ஆள் உண்டு, மறுக்கவில்லை. மற்றபடி எண் எழுதிய வரிசைக்கும் மெஷினில் அச்சான வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. நம் பணத்தை முழுங்குவது வேறு சங்கதிகள்.

முதலில், முழுசாக இருக்கிறதா? புத்தகம், ஸ்லிப்கேஸ் (புத்தகத்தைச் செருகி வைக்கிற, ஒரு பக்கம் திறந்த அட்டைக் கூடு), சான்றிதழ், பல பதிப்புகளில் கையெழுத்திட்ட தனிப் படம் ஒன்று. அந்தப் படத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு மிச்சத்தை மட்டும் தள்ளிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எண் போட்ட பக்கம், சான்றிதழ், தனிப் படம் மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எண்ணுக்குப் பதில் 'எச்.சி.' என்றிருந்தால் பதிப்பாளர் விற்பனைக்கு வெளியே ஒதுக்கிய பிரதி. போலி என்று பயப்பட வேண்டாம்.

கையெழுத்துக்கு நகை ஆசாரி வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். அச்சடித்த கையெழுத்து அதில் புள்ளி புள்ளியாக உடையும். பேனா மை உடையாது. கோடும் கோடும் குறுக்கிடும் இடத்தில் கருத்திருக்கும், இழுப்பு முடிகிற நுனியில் மை தேங்கியிருக்கும். பழைய ரேஸ் வீரர்களில் ஜான் சர்டீஸ் 2017-இலும் ஸ்டிர்லிங் மாஸ் 2020-இலும் போய்விட்டார்கள். இனி வராத கையெழுத்தில்தான் போலியும் அதிகம் புழங்கும்.

அடுத்தது அச்சு. போட்டோகிராபர் லூயி க்ளெமன்டாஸ்கி 1957-இல் இத்தாலியின் மில்லே மிலியா சாலை ரேஸில், பீட்டர் காலின்ஸ் ஓட்டிய ஃபெராரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டே போனவர். அந்த மாதிரிக் கருப்பு வெள்ளைப் படத்தை இரண்டு மூன்று மையில் அச்சிட்டால்தான் நிழல் இறங்கும். டயர் ஓரத்தைப் பாருங்கள். கருப்புக்குள் ரப்பரின் வரிகள் தெரிந்தால் நல்ல அச்சு. சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், 'லிமிடெட்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூரியரில் எடைக்கு மட்டும் காசு இல்லை, இடத்துக்கும் உண்டு. 60×50×20 செ.மீ. பெட்டி என்றால் பெருக்கி 5000-ஆல் வகுத்து 12 கிலோ என்று போடுவான், உள்ளே இருப்பது 8 கிலோவாக இருந்தாலும். அதற்காகப் பெட்டியைச் சுருக்கச் சொல்லாதீர்கள். கீழே விழுந்தால் புத்தகத்தின் கனமே ஸ்லிப்கேஸைக் கிழித்துவிடும். திறந்த பக்கத்தில் தடித்த அட்டை, சுற்றி பாலிதீன், பெட்டிக்குள் பெட்டி, இடையில் 5 செ.மீ. ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீத சுங்கவரி வந்தது. பில்லில் 'அச்சிட்ட புத்தகம், 4901' என்று, சுங்கப் பட்டியலில் புத்தகத்துக்குரிய எண்ணோடு தெளிவாக இருக்கட்டும். 'கலெக்டபிள் செட்' என்று எழுதி வந்தால் வேறு தலைப்பில் போட்டு வரியை ஏற்றக்கூடும்.

வாங்கியாச்சு. இனிமேல்தான் நம்ம ஊர் வெயிலோடும் மழையோடும் மல்லுக்கட்டு. தென்காசிப் பக்கம் சாரல், திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்று, பாளையங்கோட்டையில் மே மாத வெக்கை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். 45-லிருந்து 55 நல்லது. அலமாரியில் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வையுங்கள். பீரோவை மேற்குச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். தட்டுக்குக் கால் கிலோ ஆரஞ்சு சிலிக்கா ஜெல். ஈரத்தைக் குடித்துப் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் காய வைத்துத் திரும்பப் போடலாம். வேப்பிலையும் வசம்பும் ஏட்டுச் சுவடிக்குச் சரி, படப் புத்தகத்தின் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கறைதான் மிச்சம். பாச்சா உருண்டை பிளாஸ்டிக் உறையை இளக்கிவிடும்.

பெரிய சைஸ் புத்தகத்தை நிறுத்தி வைத்தால் உள்தாள்கள் கீழே இறங்கி அட்டை மூட்டு விடும். படுக்க வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம். எடுக்கும்போது முதுகின் மேல் நுனியில் விரலை மாட்டி இழுக்காமல், ஸ்லிப்கேஸைச் சாய்த்துக் கையில் வழுக்கி இறங்க விடுங்கள். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் தாள் அட்டையும் செல்லோ டேப்பும் கூடவே கூடாது. பாலியஸ்டர் ஷீட் போதும்.

கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், ஈரம் இருக்கும்போதே தாளுக்குத் தாள் பாலியஸ்டர் ஷீட் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். அன்றைக்கே முடியாது என்றால் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் போட்டு நாள் வாங்கிக்கொள்ளலாம். மூடியபடி காய்ந்து ஒட்டிப்போன ஆர்ட் பேப்பரை எந்த பைண்டராலும் பிரிக்க முடியாது.