“வழுக்கி விழுந்துட்டாங்க” என்று எழுதுவதற்கு முன்

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியின் கையில் காலையில் ரத்தக்கட்டு தெரிகிறது. எப்படி வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் டியூட்டி நோட்டில் “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்று இருக்கும். பார்த்தது யார் என்றால் பதில் வராது. கடலூர், புதுச்சேரி பக்கம் இல்லம் நடத்துகிறவர்களே, பார்க்காததை எழுதாதீர்கள். “யாரும் பார்க்கவில்லை, காரணம் தெரியவில்லை” என்றே எழுதுங்கள். காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள்.

வயதானால் தோல் மெலிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கட்டில் விளிம்பில் இடித்தாலே கன்றிவிடும், உண்மைதான். ஆனால் எந்த இடம் என்று பாருங்கள். 2005ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், முதியவர்களுக்குத் தற்செயலாக ஏற்பட்ட ரத்தக்கட்டுகளில் 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்காலில் ஒன்றுகூட இல்லை. “மஞ்சளா இருக்கு, பழைய காயம்” என்பதையும் நம்பாதீர்கள். முதல் நாளிலேயே மஞ்சள் தெரியலாம்.

மேல்கையில் ஒருபுறம் வரிசையாக மூன்று நான்கு சின்னக் கன்றல், எதிர்ப்புறம் ஒன்று இருந்தால் அது விரல் பிடித்த தடமாக இருக்கலாம். அடித்தார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆயா ஒருத்தியே கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாலும் இப்படி வரும். இப்படி இழுக்காமல், இரண்டு பேர் சேர்ந்து, அடியில் விரித்த துணியோடு நகர்த்த வேண்டும். இரண்டு மணிக்கட்டையும் சுற்றித் தடம் இருந்தால் கட்டிப்போட்டார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

பார்த்த உடனே தலை, முதுகு உட்பட உடம்பு முழுக்கப் பாருங்கள். காயத்தை சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தள்ளி ஒன்று, கிட்டே ஒன்று போட்டோ எடுங்கள். முந்தைய மூன்று ஷிப்ட் ஆட்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டி சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள்.

ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். உட்கார வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடி என்று சந்தேகம் வந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் ரத்தக்கசிவு தெரியவரும். கடலூர் ஜி.ஹெச். ஆனாலும் புதுச்சேரி ஜிப்மர் ஆனாலும் “காரணம் தெரியாத காயம்” என்று சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடச் சொல்லுங்கள்.

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் இப்படிப்பட்ட காரணம் தெரியாத காயம் பெரிதாக இருந்தாலோ, துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தாலோ 2 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடிவு 5 வேலை நாளில் போக வேண்டும். இதையே நம் இல்லங்களும் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாமே. முதியோர் உதவி எண் 14567, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான், காலை 8 முதல் இரவு 8 வரை. உடனடி ஆபத்து என்றால் 112.

பொய் எழுதுவதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். உண்மையைச் சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள், வேலை போகும் என்று ஆயாவுக்குத் தெரியும். காயத்தை முதலில் காட்டியவரைத் திட்டாதீர்கள். பிள்ளைகளே, நீங்களும் இல்லத்துக்குப் போனதும் “யார் டியூட்டி?” என்று கத்தாமல், நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.