வீட்டு வரி பார்சிலோனாவுக்குப் போகிறதா?

“நம்ம சுக்காய் பிந்துவ (வீட்டு வரிய) பார்சிலோனா சங்கத்துக்குச் சந்தா கட்டிட்டானுங்க, அதான் லயத்துல (தோட்ட வீட்டு வரிசையில) விளக்கு எரியல!” மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துக் குழுக்களில் சுற்றும் இந்தக் குரல்பதிவு தவறு.

சங்கம் இருப்பது உண்மை. 2004-இல் உருவான உலக நகரங்கள், உள்ளாட்சிகளின் ஒன்றியத்துக்குத் தலைமையகம் அங்கேதான். இத்தகைய அமைப்பில் ஒரு நகராண்மைக் கழகம் சேர்ந்தால், சந்தா பொது வரவிலிருந்து போகும். உரிமக் கட்டணம், பார்க்கிங், அபராதம், அரசு மானியம், வீட்டு வரி எல்லாம் கலந்த பணம் அது. சந்தாவுக்கென்று தனி வரி கிடையாது. வீட்டு வரி பில்லை எடுத்துப் பாருங்கள்: ஆண்டு மதிப்பு (வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீடு), விகிதம், அரையாண்டுத் தொகை, அவ்வளவுதான். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி அந்த விகிதம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

விளக்குக் கதை வேறு. தோட்டம் தனியார் நிலம். உள்ளே சாலையும் விளக்கும் பொதுவாகத் தோட்ட நிர்வாகத்தின் பாடு. பதிவு போட்டவர் மனுவைக் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கொடுத்திருந்தால் பல்பாவது மாறியிருக்கும்.

சந்தா எவ்வளவு என்று கேட்பது மட்டும் நியாயமே. கழகத்தின் வரவு செலவுத் திட்டத்தை உறுப்பினர்களிடம் கேட்டுப் பாருங்கள்.