லுக்அஹெட் இருக்கிறது, தம்பி

"ஸ்டாண்டர்டு எம்எல் நிரல்மொழியில் படித்த எழுத்து போனதுதான், அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்க முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும்" என்று மார்த்தாண்டம் தம்பி எழுதியிருப்பது தவறு. நாகர்கோவில் மாணவர்கள் இதை நம்பி ஆய்வகத் தேர்வுக்குப் போய்விடக் கூடாது.

எழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் டெக்ஸ்ட்ஐஓ தொகுதியிலேயே, அடுத்த எழுத்தை எடுக்காமல் காட்டும் லுக்அஹெட் ஃபங்ஷன் இருக்கிறது. "629001,நாகர்கோவில்" என்ற வரியில் இலக்கங்களை மட்டும் எடுக்கிறோம் என்று வையுங்கள். கடைசி 1-ஐ எடுத்தபின் லுக்அஹெட் காற்புள்ளியைக் காட்டும். ஆனால் காற்புள்ளி உள்ளீட்டிலேயே இருக்கும், அடுத்த ஃபங்ஷன் அதை எடுத்துக்கொள்ளும். கோப்பு முடிந்திருந்தால் பிழை எழாது, 'எதுவும் இல்லை' என்று சொல்லும் வெற்று ஆப்ஷன் மதிப்பு வரும். ஹாஸ்கெல் என்ற வேறு நிரல்மொழியின் எச்லுக்அஹெட்டில்தான் அந்த இடத்தில் பிழை எழும்.

ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் வேண்டுமா? டெக்ஸ்ட்ஐஓவுக்குள் இருக்கும் ஸ்ட்ரீம்ஐஓவின் இன்புட்1 ஃபங்ஷன், எழுத்தோடு மீதி ஓடையை (இன்னும் படிக்காத உள்ளீட்டை)ப் புதிய மதிப்பாகத் தரும். பழைய ஓடை மாறாமல் கையில் இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் அதிலிருந்தே மறுபடி படிக்கலாம். இந்த மொழியின் அழகே இதுதான், இதைப் போய்க் குறை என்பதா!

தமிழ் வரும் இடத்தில் மட்டும் கவனம் தேவை: யுடிஎஃப்-8 குறியாக்கக் கோப்பில் "நா" 6 பைட்; லுக்அஹெட் காட்டுவது ஒரு பைட்டைத்தான்.