பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் சென்னையில் பயிற்சி முகாம் விளம்பரங்கள் தெருவுக்குத் தெரு முளைத்துவிடும். கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி எல்லாம் உண்டு. பணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வடசென்னையில் வார இறுதிகளில் சிறுவர் சிறுமியருக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பல முகாம்களில் நான் பார்ப்பது இதுதான். பதினைந்து பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எதிரே தரையில் ஆறு கோன்கள், அதாவது கூம்பு வடிவ பிளாஸ்டிக் அடையாளங்கள். முதல் பையன் பந்தை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு போய், கோல் அடித்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்கிறான். மறுபடி அவன் காலில் பந்து படுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. அந்தக் கோன் நகராது, குறுக்கே காலை நீட்டாது, பந்தைப் பறிக்காது. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான், பாஸ் கொடுப்பதா, தானே போவதா என்று அங்கே எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் உயிரே அந்த யோசனையில்தான் இருக்கிறது. கோன்களுக்கிடையே மின்னலாகப் போகிற பையன், ஓர் ஆள் எதிரே வந்ததும் பந்தைப் பறிகொடுத்துவிட்டுத் திகைப்பது இதனால்தான்.

இது நேற்று முளைத்த கருத்து அல்ல. முதலில் ஆட்டத்தை ஆடவிடுங்கள், ஒரு நுட்பம் எதற்குத் தேவை என்று பிள்ளைக்கே புரிந்த பிறகு அதைக் கற்றுக்கொடுங்கள் என்று இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கரும் தோர்ப்பும் 1982-லேயே எழுதினார்கள். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் ஆட்டங்களையே நடைமுறையாக்கிவிட்டது. மைதானம் சிறியது, பந்தை அடிக்க வேண்டிய கோல் வாசல்கள் நான்கு. எந்தப் பிள்ளையும் பந்தைத் தொடாமல் வீடு திரும்ப வழியில்லை.

நான்கு கோல் வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்களிடம் வரும் பத்து வயதுப் பெண் ஒருத்தி பந்து வந்தால் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். "சுற்றிப் பாரும்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் தலை நிமிராது. மூவருக்கு மூவராகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு மூலைகளில் சிறு கோல் வைத்தோம். ஒன்றை எதிரணி அடைத்துவிட்டால் மற்றொன்று திறந்திருக்கும். சில வாரங்களில், பந்து தன்னிடம் வந்து சேருமுன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திறந்த பக்கம் திரும்பியபடியே பந்தை வாங்கினாள். யாரும் கத்தவில்லை. அந்த ஆட்டமே அவளைப் பார்க்க வைத்தது. பயிற்சியாளரின் திறமை இப்படி ஆட்டத்தை அமைப்பதில்தான் தெரியும், விசில் ஊதுவதில் அல்ல.

"அப்படியானால் அடிப்படை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். கூடைப்பந்தில் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை யாரும் தடுக்கப்போவதில்லை, கைப்பந்தில் சர்வீஸையும் அப்படித்தான். அவற்றைத் தனியாக நூறு முறை செய்து பழகலாம். சுவரில் பந்தை அடித்து அடித்து வாங்குவதும் நல்ல பழக்கமே, ஆளுக்கொரு பந்து இருக்கும்வரை. எதிராளி இருந்தால்தான் அர்த்தப்படும் திறனை எதிராளி இல்லாமல் பழக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இடம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. 105 மீட்டர் நீள மைதானம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மாநகராட்சித் திடலில் நான்கு கிரிக்கெட் குழுக்களுக்கு நடுவே மிஞ்சும் மூலையே மூவருக்கு மூவர் ஆடப் போதும். வியாசர்பாடியில் கிடைத்த இடத்தில் ஆடும் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள், நெரிசலில் பந்தைக் காப்பாற்றும் கால்கள் அவை. அந்தப் பகுதியிலிருந்து வந்த நந்தகுமார் சேகர்தான் 2023 டூரண்ட் கோப்பைக் கால்பந்து லீக் ஆட்டத்தில், கொல்கத்தாவின் இரு பெரும் அணிகள் மோதியபோது, மோகன் பகானுக்கு எதிரான ஒரே கோலை அடித்து ஈஸ்ட் பெங்காலை வெல்ல வைத்தார்.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு நாள் காலையில் போய் ஓரமாக நில்லுங்கள். கோப்பைகளையும் சீருடையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கால் மணி நேரம் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆடுகிறது, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது? பந்தின் அளவையும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 4-ஆம் எண் பந்துதான் ஏற்றது. பெரியவர்களின் 5-ஆம் எண் பந்தைக் கொடுத்து உதைக்கச் சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.